முதலில் மூச்சு, அப்புறம் கால்: நெல்லைப் பக்கம் ஓட்டத்தோடு யோகமும் பழக நினைக்கிறவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் பச்சை வேட்டியும் பச்சைத் துண்டுமாக ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாதிப்பேர் வெறுங்கால், வெயிலுக்குப் பயந்து ராத்திரி நடை. நான் முதல்முறை அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தபோது ஓடப் பழகி ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் ஓடுகிறவனுக்கு நடையெல்லாம் ஒரு பொருட்டா என்ற நினைப்பு. செய்துங்கநல்லூர் தாண்டிக் கருங்குளம் வருவதற்குள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன.

பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். சின்னச் சின்ன எட்டு. உதட்டுக்குள் 'வேல் வேல்' என்று முணுமுணுப்பு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ தம்பி, வாயப் பொளந்துகிட்டே நடக்கியே, மூக்கு என்னத்துக்கு இருக்கு?" என்றார். அடுத்து நின்ற இடத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போக, அவர் மட்டும் துண்டை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வயிறு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. பத்து நிமிடம் கழித்து எழுந்தவர், அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்புகிறவர் மாதிரி நடந்தார்.

அவர் செய்ததற்கு விபரீத கரணி என்று பெயர் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூச்சு, ஒரு சொல்லில் ஊன்றிய மனது, களைப்பு நீங்க ஒரு கிடை, எல்லாமே அவர் நடைக்குள்ளேயே இருந்தன. நானோ ஓட்டத்தைக் காலையிலும் யோகா வகுப்பைச் சனிக்கிழமையிலும் வைத்திருந்தேன். தியானம் என்றைக்காவது நேரம் கிடைத்தால் மட்டும். தனித்தனியாக வைத்தால் ஒன்றுக்கு மற்றொன்று உதவாது. உட்கார்ந்து பழகிய கவனம் எட்டாவது கிலோமீட்டரில் கைகொடுக்க வேண்டும் என்றால் முதல் நாளிலிருந்தே இரண்டையும் சேர்த்துப் பழக வேண்டும். இதுவரை ஓடியே இராத ஒருவர் 12 வாரத்தில் 10 கிலோமீட்டரை நிதானமாக ஓடி முடிக்கும்படி அந்தப் பழக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள், மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறவர்கள், கர்ப்பிணிகள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. ஓட்டமும் சில மூச்சுப் பயிற்சிகளும் இதயத்துக்கு வேலை வைப்பவை.

பொருள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். காலுக்குச் சரியான ஷூ ஒரு ஜோடி வேண்டும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை விரல் இடம் இருக்கட்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் கொஞ்சம் விரிந்திருக்கும். ஒரு நீளத் துண்டும் ஒரு பாயும் வேண்டும். பத்தமடைக் கோரைப்பாய் இருந்தால் படுக்கவும் உட்காரவும் அதைவிட நல்லது இல்லை, வியர்வையில் ஒட்டாது, முதுகுக்குக் குளிர்ச்சி. ஆனால் நின்று செய்யும் ஆசனங்களை அதன்மேல் செய்யாதீர்கள். மொசைக் தரையில் பாய் வழுக்கும். அதற்கு வெறும் தரையே போதும்.

பத்தமடை என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. யோகா எங்கேயோ வடக்கிலிருந்து வந்தது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது அந்தப் பத்தமடையில்தான். மலாயாவில் மருத்துவராக வேலை பார்த்துவிட்டுத் துறவுக்குப் போனவர். உலகம் முழுக்க இன்று பலர் படுத்துக்கொண்டு கேட்கிற யோக நித்திரைப் பயிற்சியை வகுத்த சத்தியானந்தர் அவருடைய சீடர். சேரன்மகாதேவி பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நமக்கு இது அந்நியச் சரக்கு இல்லை, தயங்காமல் தொடங்கலாம்.

முதல் வாரம்: ஓடவே வேண்டாம்

ஆர்வத்தோடு வருகிறவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனாலும் இந்த வாரம் நடை மட்டும்தான். நான்கு நாள், 30 நிமிடம் வீதம். மற்ற வேலையெல்லாம் பாயில்.

மல்லாந்து படுங்கள். முழங்காலை மடித்துப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது எந்தக் கை எழும்புகிறது என்று கவனியுங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சுக் கைதான் எழும்பும். நெஞ்சின் மேல்பாகத்தால் மூச்சு வாங்குகிறவர் ஓடும்போது தோளைத் தூக்கித் தூக்கி வாங்குவார், கழுத்து இறுகும், சீக்கிரம் மூச்சு முட்டும். வயிற்றுக் கை முதலில் எழும்ப வேண்டும். நுரையீரலுக்கு அடியில் குடைபோல இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கினால்தான் வயிறு எழும்பும். மூச்சுக்கு முக்கியமான தசை அதுதான்.

வயிற்றுக் கை எழும்பத் தொடங்கியதும் கணக்கு வையுங்கள். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை வாங்குகிறோம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது, அதை உங்கள் கையிலேயே நாடி பிடித்துப் பார்க்கலாம். மூச்சை நடுவில் அடக்க வேண்டாம். தலை சுற்றினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடம், காலையில் ஒருமுறை, படுக்கப்போகும்போது ஒருமுறை. வாரக் கடைசியில் இதையே நடக்கும்போது செய்து பாருங்கள். நான்கு எட்டு வைக்கும் வரை உள்ளே, ஐந்தாறு எட்டு வைக்கும் வரை வெளியே.

இரண்டாம் வாரத்திலிருந்து ஓட்டம்

வாரத்தில் மூன்று நாள். 10 நிமிடம் நடந்து உடம்பு சூடேறியதும் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். இப்படி எட்டு முறை. மூன்றாம் வாரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நான்காம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை. ஐந்தாம் வாரத்தில் நடுவில் நிற்காமல் 20 நிமிடம் ஓட வரும். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எட்டாம் வாரம் 35 நிமிடத்துக்கு வாருங்கள். ஒரு வாரம் கனமாகத் தெரிந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். யாரும் கேட்கப் போவதில்லை.

வேகம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூட ஓடுகிறவரிடம் நேற்று வீட்டில் என்ன சாப்பாடு என்று முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிகிற வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது அதிக வேகம். தனியாக ஓடினால் மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஓட முடிகிறதா என்று பாருங்கள். மூக்கு போதவில்லை என்றால் வாயைத் திறப்பதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள். மூக்கடைப்பு இருக்கும் நாளில் இந்தக் கட்டாயம் வேண்டாம், வாயாலும் வாங்கலாம். மேட்டில் ஏறும்போதும் அப்படித்தான்.

இந்த வேகம் அவமானமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். வ.உ.சி. மைதானத்திலோ அண்ணா விளையாட்டரங்கத்திலோ காலையில் ஓடிப் பாருங்கள், கைவீசி நடக்கிற அண்ணாச்சி ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார். போகட்டும். நீண்ட தூரத்துக்கான இதயமும் தசைக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் இந்த மெதுவான ஓட்டத்தில்தான் வளர்கின்றன. நன்றாக ஓடுகிறவர்களே தங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை நிதானமான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். இந்த 12 வாரத்தில் வேக ஓட்டம் ஒரு நாள்கூடக் கிடையாது.

ஓடும் முன் என்ன, ஓடிய பின் என்ன

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் வருடம், ஓடுவதற்கு முன் குனிந்து கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்பேன். யோகா செய்துவிட்டு ஓடுவதாக எனக்குள் ஒரு திருப்தி. ஒரு மார்கழிக் காலையில், குளிரில் அப்படி இழுத்துவிட்டு ஓடத் தொடங்கி நூறு மீட்டர் போகவில்லை, இடது பின்தொடையில் சுருக்கென்று ஒரு பிடி. ஆறு வாரம் ஓட முடியவில்லை. ஃபிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது, குளிர்ந்த தசையை அசையாமல் நீட்டிப் பிடித்தால் அதன் வலு கொஞ்ச நேரத்துக்குக் குறையும், அந்த நேரத்தில் ஓடக் கூடாது என்று.

ஆகவே ஓடும் முன் அசைந்துகொண்டே செய்வதை மட்டும் செய்யுங்கள். சூரிய நமஸ்காரம் மூன்று சுற்று, எந்த நிலையிலும் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காமல். முதல் சுற்றில் முழங்காலை மடித்தே குனியுங்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் பத்துத் தடவை ஊஞ்சல்போல ஆட்டுங்கள். கணுக்காலைச் சுழற்றுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் முடியும்.

நிலையாக நிற்கும் ஆசனங்கள் ஓடி முடித்தபின். ஓடி வந்தவுடன் உட்காராமல் 5 நிமிடம் நடந்து மூச்சு தணிந்ததும் தொடங்குங்கள். முதலில் அதோமுக சுவானாசனம், நாய் சோம்பல் முறிக்கிற நிலை. கையும் காலும் தரையில், இடுப்பு மேலே. குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று அழுத்த வேண்டாம். முழங்காலை மாற்றி மாற்றி மடக்குங்கள், கெண்டைக்கால் தானாக இளகும். அடுத்து ஆஞ்சநேயாசனம். ஒரு காலை முன்னால் மடித்து ஊன்றி, பின்கால் முழங்காலைத் தரையில் வைத்து இடுப்பை முன்னால் இறக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசை குறுகிப்போயிருக்கும், அதனால் ஓடும்போது எட்டு நீளாது, கீழ்முதுகு வலிக்கும். இந்த ஓர் ஆசனத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப்பேருக்கு அந்த முதுகுவலி குறையும் என்பது நான் கண்டது. பாதத்தின் கீழ் துண்டை மாட்டிப் படுத்தபடி காலைத் தூக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனம் பின்தொடைக்கு. குனிந்து இழுப்பதைவிட இதுவே பத்திரம், முதுகு தரையில் இருப்பதால் சுளுக்காது. பிட்டத்துத் தசைக்கு வலு தர சேது பந்தாசனம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மட்டும் மேலே தூக்குவது. ஐந்தாறு தடவை ஏறி இறங்குங்கள்.

ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு போதும். கடிகாரம் பார்க்காமல் மூச்சை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மனது வேறெங்கோ போய்விட்டது என்று அர்த்தம், திரும்ப ஒன்றிலிருந்து. இழுப்பு பத்துக்கு ஐந்தாறு அளவில் இருக்கட்டும். முகம் சுளிக்கிற அளவுக்குப் போனால் அன்றைக்கு அது ஆசனம் இல்லை. ஏற்கெனவே மூட்டு தளர்வாக, எளிதாக வளைகிற உடம்புக்காரர்கள் இன்னும் வளைய ஆசைப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவை வலுதான், சேது பந்தாசனத்தையும் ஒற்றைக்கால் நிலைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒற்றைக்கால் என்றதும் விருட்சாசனம், ஒரு பாதத்தை மறு தொடையில் ஊன்றி மரம்போல நிற்பது. ஓட்டம் என்பதே ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தாவுவது, எந்த நொடியிலும் இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருப்பதில்லை. அதனால் கணுக்காலின் நிதானம் ரொம்ப முக்கியம். பல் தேய்க்கும்போது ஒரு காலில் நில்லுங்கள், அதுவே நல்ல பயிற்சி. உள்ளங்காலில் சின்னச் சின்னத் தசைகள் வேலை செய்வது தெரியும். ஆச்சிமார் அந்தக் காலத்தில் அம்மிக்கும் அடுப்புக்கும் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே வேலை பார்த்தார்கள், அதுதான் மலாசனம். நமக்கு அது மறந்துபோய்விட்டது. தினமும் இரண்டு நிமிடம், குதிகால் எழும்பினால் அடியில் ஒரு பலகையோ மடித்த போர்வையோ வைத்துக்கொண்டு, உட்காருங்கள். முழங்கால் வலி இருந்தால் இதை விட்டுவிடலாம்.

கடைசியில் அந்தப் பெரியவரின் கிடை. சுவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து காலைச் சுவரில் ஏற்றுங்கள். 5 நிமிடம். பிறகு சவாசனம், அசையாமல் மல்லாந்து கிடப்பது, 5 நிமிடம். அவசரத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இந்தப் பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள்.

உட்காருவது

தியானத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, செய்ய வேண்டியதுதான் அதிகம். ஓடாத நாட்களில் 10 நிமிடம், ஓடிய நாட்களில் சவாசனத்துக்குப் பின் 5 நிமிடம். சம்மணம் போட முடியாவிட்டால் நாற்காலி. மூக்கு நுனியில் காற்று உரசுவதைக் கவனியுங்கள். மனது போகும். சம்பளம், பிள்ளையின் பரீட்சை, பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் என்று எங்காவது போகும். போனது தெரிந்ததும் அதைத் திட்டாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் நாற்பது தடவை போய்த் திரும்பினால் நாற்பது தடவை பயிற்சி செய்தீர்கள் என்று அர்த்தம். மனது நிற்கவில்லையே என்று வருந்தி நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தத் திரும்புதல்தான் ஓட்டத்தில் வேண்டியிருக்கிறது.

படுத்தபடி செய்வது ஒன்று உண்டு. கால் விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுபோவது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின் தொடங்கிய பயிற்சியில் இதுவும் எளிய ஆசனங்களும் சேர்ந்தே இருந்தன. நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது அது. ஓட்டக்காரர்களுக்கு இது இரட்டைப் பயன், எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்பது மறுநாள் ஓடும் முன்பே தெரிந்துவிடும்.

ஓடிக்கொண்டே கவனிப்பது

பாட்டு கேட்டுக்கொண்டு ஓடினால் நேரம் போவது தெரியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் கால் சொல்வதும் தெரியாது. 1977இல் வில்லியம் மார்கன், மைக்கேல் பொல்லாக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஓடும்போது என்ன நினைப்பீர்கள் என்று விசாரித்தார்கள். சராசரி ஓட்டக்காரர்கள் வேறு நினைப்பில் வலியை மறக்கப் பார்க்க, முன்னணியில் இருந்தவர்கள் தங்கள் மூச்சையும் கால் தசையையும் விடாமல் கவனித்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு ஓடினார்கள். ஆகவே வாரத்தில் ஓர் ஓட்டமாவது காதில் ஒன்றும் இல்லாமல் ஓடுங்கள்.

முதல் கிலோமீட்டரில் சத்தத்தைக் கேளுங்கள். பாதம் தரையில் விழும் சத்தம் இரண்டு காலுக்கும் ஒன்றுபோல இருக்கிறதா? தொப்பென்று விழுந்தால் எட்டைக் கொஞ்சம் சுருக்குங்கள், சத்தம் குறையும், முழங்காலுக்கும் இதம். இரண்டாவது கிலோமீட்டரில் மூச்சை எட்டோடு கட்டுங்கள். மூன்று எட்டுக்கு உள்ளே, மூன்று எட்டுக்கு வெளியே. எண் பிடிக்கவில்லையா, ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர்ச் சாலையில் 'வேல் வேல்' செய்த வேலை அதுதான். அல்லாவோ ஏசுவோ, உங்கள் வாய்க்கு எது வருமோ அது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டர் முடியும்போதும் தலையிலிருந்து கால்வரை ஒரு சுற்று. தாடை இறுகியிருக்கிறதா, பல்லைக் கடிக்கிறோமா? தோள் காதை நோக்கி ஏறிவிட்டதா? கை முஷ்டியாக மூடியிருக்கிறதா? கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோல விரலை வைத்துக்கொண்டால் தோளும் கூடவே இறங்கும். இது ஒரு நிமிட வேலை.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் ஒன்றுபோல, பரந்து, மந்தமாக இருப்பது சோர்வு. அதோடு ஓடலாம். ஒரு காலில் மட்டும், ஒரு விரலால் தொட்டு இங்கேதான் என்று காட்டும்படி, கூர்மையாக, ஓட ஓடக் கூடிக்கொண்டு போவது வேறு. அதற்காக நடையைச் சாய்க்கிறோம் என்று தெரிந்த நொடியில் நின்றுவிட வேண்டும். முன்னங்கால் எலும்பில் தொட்டால் வலிக்கிற ஒரு புள்ளி இருந்தால் ஓய்வு எடுத்து மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்குப் பரவும் வலி, கண் இருட்டுவது, இவை வந்தால் கவனித்துக்கொண்டெல்லாம் இருக்காமல் உடனே நின்று ஆள் கூப்பிடுங்கள்.

எங்கே, எப்போது

ஆற்றுப்பாசன ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் கரையைவிட நல்ல பாதை இல்லை. மண் பாதை முழங்காலை அடிக்காது. கன்னடியன் கால்வாய்க் கரையில் விடியற்காலை ஓடினால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். நாரையும் மடையானும் உங்கள் காலடிச் சத்தத்துக்கு எழும்பி, பத்தடி தள்ளி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இருட்டில் போகாதீர்கள், பாம்பு நடமாட்டம் உண்டு. தெரிந்த கரையில், வெளிச்சம் வந்தபின், முடிந்தால் துணையோடு. பெண்கள் பலருக்கு ஆள் நடமாட்டமுள்ள மைதானமே நிம்மதியாக இருக்கும், கவனமும் அங்கேதான் நிற்கும். தெருநாய் விரட்டினால் ஓடாதீர்கள். நின்று, நீண்ட மூச்சு ஒன்று விட்டு, நடந்து தாண்டுங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக வரும் காற்று பேய்க்காற்றாக இருக்கும். அந்த மாதங்களில் முதலில் காற்றுக்கு எதிராக மேற்கே ஓடி, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். மாற்றிச் செய்தால் களைத்த காலோடு காற்றை எதிர்க்க வேண்டிவரும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்குள் வீடு வந்துவிட வேண்டும். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதுவரை தூரத்தைப் பாதியாக்குங்கள்.

ஆற்றங்கரைக்காரர்கள் ஓடி முடித்துப் படித்துறையில் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நில்லுங்கள். தாமிரபரணித் தண்ணீர் கெண்டைக்காலைச் சுற்றி ஓடும்போது, அதற்கென்று தனியாகக் கண்ணை மூடி உட்கார வேண்டியதே இல்லை. வெள்ளம் வரும் நாட்களில் மட்டும் ஆற்றுப்பக்கமே போகக் கூடாது.

வயிறு

ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். தாகத்துக்குக் குடியுங்கள். கணக்கு வைத்து லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆபத்து. வியர்வை அதிகம் போன நாளில் உப்புப் போட்ட நீராகாரமும் சின்ன வெங்காயமும் நம் வீட்டிலேயே இருக்கிற மருந்து. கிளம்பும் முன் வயிறு காலியாகத் தெரிந்தால் ஒரு வாழைப்பழம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலையில் எண்ணெய் உண்டு, ஓடும்போது செரிக்க நேரமாகும். ஓடும்போது வேண்டுமென்றால் கருப்பட்டித் துண்டு, கடலை மிட்டாய் வீட்டுக்கு வந்தபின். ஆசனத்துக்கு முன் வயிறு நிறைந்திருக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

செய்யக் கூடாத இரண்டு

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை ஓட்டத்துக்குச் சற்று முன்னோ ஓடி வந்த மூச்சு தணியும் முன்னோ செய்யாதீர்கள். தலை கிறுகிறுக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவற்றைச் செய்யவே வேண்டாம். மற்றவர்கள் ஆசிரியரிடம் நேரில் கற்றபின் ஓடாத நாளில் செய்யலாம். இரண்டாவது, ஓடும்போதோ தண்ணீருக்குள்ளோ மூச்சை அடக்கிப் பார்க்காதீர்கள். நுரையீரல் பலப்படும் என்று செய்யும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்குள் நினைவு தப்பினால் பிழைப்பது கஷ்டம்.

கடைசி நான்கு வாரம்

ஒன்பதாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். 6 கிலோமீட்டர், அடுத்த வாரம் 7, அதற்கடுத்து 8. மற்ற இரண்டு நாளும் நாலு நாலரைக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டாம் வாரம் நடுவில் இரண்டு நாள் வெறும் 20 நிமிடம் ஓடிவிட்டு, ஞாயிறு 10. வெள்ளி இரவும் சனி இரவும் நன்றாகத் தூங்குங்கள். தூக்கம் வராவிட்டால் படுத்தபடியே நான்குக்கு ஆறு மூச்சு.

எந்த மாதம் தொடங்கலாம் என்று கேட்டால் மார்கழி என்பேன். கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே எழுப்பிவிடும், தெருவில் கோலம் போடும் ஆட்கள் இருப்பார்கள், பனி இருக்கும், வெயில் ஏறத் தாமதமாகும். மார்கழி முதல் தேதி பாயில் படுத்து வயிற்றில் கை வைத்தால், பங்குனி பிறக்கும் சமயத்தில், வெயில் கொளுத்தத் தொடங்கும் முன், பத்தாவது கிலோமீட்டருக்கு வந்துவிடலாம். நடுவில் தைப்பூசம் வரும். அதற்குள் நீங்கள் சில வாரம் பழகியிருப்பீர்கள். திருச்செந்தூர்ச் சாலையில் அந்தப் பச்சை வேட்டிக்காரர்களோடு ஒரு ராத்திரி ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் நடந்து பாருங்கள், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு.